மௌன நிறுவல்: பாடசாலைக் கணினியும் உடைமை உரிமையும்

கணினித் தொழிலில் வழங்கும் கலைச்சொற்கள் சில, அவற்றை ஆக்கினோர் கருதாத பொருளையும் தம்முள் கொண்டு நிற்பன. 'மௌன நிறுவல்' என்பது அத்தகைய தொடர்களுள் ஒன்று. ஒரு பாடசாலையிலுள்ள நூற்றுக்கணக்கான கணினிகளில், அவற்றின் முன் அமர்ந்திருப்போரிடம் எதனையும் வினவாமலும் திரையில் எதனையும் காட்டாமலும், ஒரு மென்பொருளை ஓரிடத்தில் இருந்தவாறே பதித்துவிடும் முறையை அது குறிக்கும். இணைய உலாவியுடன் சேர்ந்து இயங்கும் செருகிகளும் நீட்சிகளும் இம்முறையாலேயே பாடசாலைகளிற் பெருமளவு பரப்பப்பட்டு வந்துள்ளன. இலக்கிய ஆய்வுக்கே பெரிதும் இடமளிக்கும் ஓர் ஏட்டில் இதனை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், யாரிடம் கேட்டுச் செய்யவேண்டும், யாரிடம் கேளாமலே செய்யலாம் என்னும் வினா இலக்கிய மாணவருக்குப் புறம்பானதன்று என்பதே எமது எண்ணம்.

முதலில் தேவை எங்கிருந்து எழுந்தது என்பதை நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் உலாவி எழுத்தையும் நிலைப்படத்தையும் மட்டுமே காட்டவல்லதாயிருந்தது. 1995–96 காலப்பகுதியில் நெற்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் இரண்டாம் பதிப்பிற் பிறருடைய மென்பொருள்கள் வந்து பொருந்துவதற்கான ஒரு பொதுவாயிலை அமைத்தது. அவ்வாயில் வழியே வந்தவற்றுள் பிளாஷ், ஜாவா என்னும் இரண்டும் கல்வியுலகில் வேரூன்றின. இது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. நொபெல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடக்கிய 'பெற்' திட்டத்தின் முற்காலப் பாவனைக் கூடங்கள் யாவும் ஜாவாவிலும் பிளாஷிலுமே எழுதப்பட்டன. ஆய்வுகூடமற்ற பாடசாலை ஒன்றின் மாணவன் மின்சுற்றொன்றைத் தானே அமைத்து மின்குமிழ் ஒளிர்வதைத் திரையிற் காண அவை வழிசெய்தன. ஆசிரியர் செருகியை வேண்டி நின்றமைக்கு உண்மையான காரணம் இருந்தது என்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

தனியொருவர் தம் வீட்டுக் கணினியில் ஒரு செருகியை நிறுவிக்கொள்வது சில நிமிட வேலை. உரிம உடன்படிக்கையை வாசித்ததாகப் பாவனை செய்து, 'அடுத்து' என்னும் பொத்தானைச் சிலமுறை அழுத்தினாற் போதும். 500 கணினிகளைக் கொண்ட ஒரு பாடசாலைத் தொகுதியில், ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் எனக் கொள்ளின், அதே வேலைக்கு 83 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதுவும் ஒருமுறையில் முடிவதன்று. பிளாஷின் பாதுகாப்புக் குறைபாடுகள் ஓயாது வெளிப்பட்டுக்கொண்டிருந்தன. மைக்ரோசொப்ட் தன் திருத்தங்களை வெளியிடும் நாள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அடோபி நிறுவனமும் 2012 நவம்பர் முதல் பிளாஷ் திருத்தங்களை அந்நாளுடன் ஒத்துவரச் செய்தது. இதனாற் பாடசாலைத் தொழினுட்பவியலாளர் ஒரு மாதத்தின் வேலையை முடித்துத் தலைநிமிரும்போது அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து நிற்கும். மறுபுறம், மாணவருக்கோ ஆசிரியருக்கோ மென்பொருள் நிறுவும் அதிகாரம் பொதுவாக வழங்கப்படுவதில்லை. ஆகவே 'புதிய பதிப்பு வந்துள்ளது, நிறுவலாமா?' என்னும் பெட்டி, 'ஆம்' என்று சொல்லும் உரிமையில்லாத ஒரு பிள்ளையின் முன்னேதான் தோன்றிக்கொண்டிருந்தது.

இவ்விக்கட்டிலிருந்து விடுபடும் வழியாகவே மௌன நிறுவல் அமைந்தது. அது நடைமுறையில் இயங்கிய விதத்தைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். மேலோட்டமாகப் பேசுவோர் தவறவிடும் நுட்பங்கள் இங்கேயே உள்ளன.

அடோபி நிறுவனம் பிளாஷை இரு வடிவங்களில் வழங்கிற்று. ஒன்று பொதுமக்கள் தரவிறக்கிக்கொள்வது. மற்றது, பகிர்ந்தளிப்பதற்கான உரிமத்தை இலவசமாகப் பெற்றுக்கொண்ட நிறுவனங்களுக்குரியது. பின்னையது எம்எஸ்ஐ எனப்படும் பொதியாக வரும். அப்பொதியை இயக்கும் கட்டளையுடன் 'கியூ', 'என்' என்னும் ஈரெழுத்துகளைச் சேர்த்துவிட்டால், நிறுவி திரையில் எதனையும் காட்டாது. விண்டோஸ் 2000 உடன் வந்த 'குழுக்கொள்கை' என்னும் ஏற்பாடு இப்பொதியைக் கணினிகளுக்கு ஒதுக்கிவிட உதவியது. காலையிற் கணினி உயிர்பெறுகின்றது. எவரும் பெயர் கொடுத்து உள்நுழையுமுன்பே அது நடுவண் வழங்கியை நாடித் தனக்கு என்ன கட்டளை உள்ளது எனக் கேட்கின்றது. பொதியை இழுத்துத் தன்னுள் நிறுவிக்கொள்கின்றது. அவ்வேலையைச் செய்வது எந்த மனிதரின் கணக்குமன்று. 'ஸிஸ்டம்' எனப்படும் கணக்கொன்றின் பெயரிலேயே யாவும் நிகழ்கின்றன. ஆசிரியர் வந்து அமரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இம்முறை பலவிடங்களிற் சறுக்கும். பொதி வைக்கப்பட்ட இடத்தை வலையமைப்பின் முழுமுகவரியாற் சுட்டாது, தம் கணினியில் வழங்கும் ஓர் எழுத்தாற் சுட்டிவிடும் நிருவாகியின் கட்டளை பயனற்றுப்போகும். உள்நுழைவு நிகழாதபோது அவ்வெழுத்தே இல்லை. பொதியை வாசிக்கும் அனுமதியை ஆட்களுக்கு வழங்கிவிட்டுக் கணினிகளுக்கு வழங்க மறப்பது இன்னொரு வழமையான தவறு. கம்பியில்லா வலையமைப்பெனின், கணினி தொடங்கும் கணத்தில் இணைப்பு ஆயத்தமாயிராது. வலையமைப்புக்காகக் காத்திருக்குமாறு தனியே கட்டளையிடல் வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு பிளாஷ், பயர்பொக்ஸுக்கு வேறொரு பிளாஷ். ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறந்தவர் பலர். தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமாறு நினைவூட்டும் பெட்டியை நிறுத்துவதற்கு 'எம்எம்எஸ்' என்னும் சிறு அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியாகல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பாடசாலைக் கூடங்களில் 'டீப் பிரீஸ்' போன்ற உறைநிலை மென்பொருள் இருப்பதுண்டு. ஒவ்வொரு மறுதொடக்கத்தின்போதும் அது கணினியைப் பழைய நிலைக்கே மீட்டுவிடும். உறைநிலையை நீக்காது நிறுவப்பட்ட செருகி காலையில் வந்து மாலையில் மறையும். மறுநாள் மீண்டும் வரும்.

நிறுவல் முடிந்ததும் நிறுவி ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். 0 எனின் வெற்றி. 3010 எனின் வெற்றி, ஆயின் மறுதொடக்கம் வேண்டும். 1603 எனின் தோல்வி. தோல்வியின் காரணம் பதிவுக்கோப்பொன்றில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே நிறுவி உண்மையில் நிரம்பப் பேசுகின்றது. அப்பேச்சு கணினியின் முன் இருப்பவரை விட்டு நிருவாகியிடம் திருப்பிவிடப்பட்டுள்ளது. மௌனம் என்று பெயர் சூட்டியவர் மாணவரின் இருக்கையிலிருந்து அப்பெயரைச் சூட்டினார் போலும்.

ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூலில், நவீன தொழின்முறை திட்டமிடும் வேலையையும் செய்யும் வேலையையும் வேறு வேறு ஆட்களிடம் பிரித்து ஒப்படைப்பதை விளக்கினார். பாடசாலைக் கணினியின் விடயமும் இதற்குப் புறநடையன்று. எதனை நிறுவுவது எனத் தீர்மானிப்போர் ஓரிடத்தில். நிறுவப்பட்டதைக் கொண்டு கற்பிப்போரும் கற்போரும் வேறிடத்தில். இடையே நிற்கும் தொழினுட்பவியலாளரை எசமானராகக் கருதிவிடலாகாது. அவரும் கூலிக்கு உழைப்பவரே. மௌன நிறுவல் அவருடைய 83 மணித்தியாலத்தை மிச்சப்படுத்திற்று என்பது உண்மை. அந்த மிச்சம் ஓய்வாக அவர் கைக்கு வருவதில்லை. இன்னும் பல நூறு கணினிகள் அவர் பொறுப்பில் வந்து சேர்கின்றன. நாம் முன்னர் பணியாற்றிய ஓரிடத்தில், ஒருநாட் காலை கணினிக்கூடத்தின் உலாவிகள் அனைத்திலும் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. பொறுப்பாளரை வினவினோம். தமக்கும் அது புதிதே என்றார். மேலிருந்து வந்திருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்.

எனினும், கேட்டுச் செய்வது யாவும் நன்று, கேளாது செய்வது யாவும் தீது என்று முடிவுகட்டுதல் இயங்கியல் நோக்காகாது. பொதுமக்களுக்கான பிளாஷ் தரவிறக்கப் பக்கத்தில், மக்கபீ நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனைக் கருவியையும் சேர்த்துப் பெறுவதற்கான கட்டம் முன்கூட்டியே அடையாளமிடப்பட்டிருந்தது. ஜாவா நிறுவியோடு பல ஆண்டுகள் 'ஆஸ்க்' கருவிப்பட்டை தொற்றிக்கொண்டு வந்தது. கவனியாது 'அடுத்து' என்பதை அழுத்தியவர் கணினியில் அவை குடியேறின. அங்கே கேள்வி கேட்கப்பட்டது. ஆயின், அது ஏமாறுவதற்காகவே கேட்கப்பட்ட கேள்வி. பாடசாலை நிருவாகி கையாண்ட மௌனப் பொதியில் இத்தொற்றுகள் இல்லை, அல்லது ஒரு சொல்லால் அவற்றை விலக்கிவிடலாம். தனிமனிதச் சம்மதத்தையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கூறும் தாராளவாதிகள் இவ்வனுபவத்தைச் சற்றுக் கருத்திற் கொள்ளவேண்டும். சந்தையில் 'சம்மதம்' பெறப்படும் விதம் அதுவே.

இங்கே உலாவி நிறுவனங்களின் வரலாற்றில் ஒரு செய்தி மிகுந்த முக்கியத்துவம் பெறுகின்றது. 2011 நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 8 ஆம் பதிப்பு, பிற மென்பொருள்கள் பயனரை அறியாது சேர்த்துவிடும் நீட்சிகளை முடக்கிவைத்து, அவரிடம் கேட்ட பின்னரே இயக்கலாயிற்று. 2013 இல் வெளிவந்த குரோம் 25 ஆம் பதிப்பு, விண்டோஸிற் பிறர் மௌனமாக நீட்சி நிறுவும் வழியை அடைத்தது. ஆக, கேளாது நிறுவுதல் பயனருக்கு எதிரான செயல் என்பதை அந்நிறுவனங்களே ஏற்றுக்கொண்டன. ஆயின் ஒரு வாயில் மட்டும் திறந்தே விடப்பட்டது. கணினியை நிருவகிக்கும் அமைப்பு, குழுக்கொள்கையின் மூலம், கட்டாய நிறுவற் பட்டியல் ஒன்றைத் தரலாம். அப்பட்டியலிலுள்ள நீட்சி கேளாமலே நிறுவப்படும்; அது வேண்டும் அனுமதிகள் கேளாமலே வழங்கப்படும்; பயனரால் அதனை நீக்கவோ நிறுத்தவோ இயலாது. ஒரே செயல் வழிப்போக்கன் செய்தாற் குற்றமும், உடைமையாளன் செய்தால் நிருவாகமும் ஆகின்றது. மௌனமாக இருக்கும் உரிமை உடைமையிலிருந்து பிறப்பது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுதல் அரிது.

இவ்வுரிமையின் உண்மையான வீச்சு செருகிகளின் காலம் முடிந்த பின்னரே வெளிப்பட்டது. குரோம் 2015 இல் நெற்ஸ்கேப் காலத்துப் பொதுவாயிலை மூடிற்று. பிளாஷ் 2020 டிசெம்பர் 31 உடன் முடியும் என அடோபி 2017 யூலையில் அறிவித்தது. 2021 சனவரி 12 முதல் பிளாஷ் தன்னுள் எதனையும் இயக்க மறுத்தது. எந்தக் கட்டளையால் நிறுவப்பட்டதோ அதே வகைக் கட்டளையால், 'ஐ' என்பதற்குப் பதில் 'எக்ஸ்' என்னும் ஓரெழுத்தை இட்டு, அது ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து மௌனமாகவே அகற்றவும்பட்டது. ஆசிரியர் பலர் ஆண்டுக்கணக்கிற் சேர்த்துவைத்த பாடங்களும் அதனுடன் சென்றன. 'பெற்' திட்டத்தினர் தம் பாவனைகளைப் புதிய நியமத்திற்கு மாற்றி எழுதும் வேலையை முன்னரே தொடங்கியிருந்தனர். இன்ரநெற் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் 'றபிள்' என்னும் திறந்தமூலப் போலிமியைக் கொண்டு பழைய பிளாஷ் ஆக்கங்களைக் காக்கத் தொடங்கிற்று. அத்தகைய வசதி வாய்க்காத ஆசிரியரின் பாடத்தைப் பற்றி எவரும் அறிவிப்பு வெளியிடவில்லை.

செருகியின் இடத்தை நீட்சி பிடித்தது. இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. பழைய செருகி பாடசாலையின் கணினியிற் பதிந்தது. பாடசாலையை விட்டுச் செல்லும் மாணவனைப் பின்தொடரவில்லை. கட்டாய நீட்சியோ கணினியில் மட்டுமன்றி மாணவனின் கணக்கிலும் பதியவல்லது. அவன் தன் வீட்டில், குடும்பத்துக்குச் சொந்தமான கணினியிற் குரோம் உலாவியைத் திறந்து பாடசாலைக் கணக்கால் உள்நுழைந்தால், அக்கணக்குக்கு ஒதுக்கப்பட்ட நீட்சிகள் அங்கும் வந்து இறங்கும். பழைய செருகியின் வேலை மின்குமிழை ஒளிரச் செய்வது. இன்று பாடசாலைகளிற் கட்டாயமாகப் பதிக்கப்படும் நீட்சிகளுட் பல, பார்க்கும் பக்கங்களை வடிகட்டுவதற்கும், மாணவர் திரையை ஆசிரியருக்குக் காட்டுவதற்கும், தட்டச்சிடும் சொற்களை அலசுவதற்கும் உரியன. அவை வேண்டுவது எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவை வாசிக்கவும் மாற்றவுமான அனுமதி. தனியாள் ஒருவர் நிறுவும்போது உலாவி அதனை எச்சரிக்கையாகக் காட்டும். கட்டாயப் பட்டியலிலோ அவ்வெச்சரிக்கை தோன்றுவதேயில்லை.

இவ்வளர்ச்சியைத் தனித்தனி அதிபர்களின் மனப்பாங்கால் விளக்குதல் போதாது. பொருளாதார அடித்தளத்தை நோக்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், பாடசாலைகளின் இணைய இணைப்புக் கட்டணத்துக்கு அவற்றின் வறுமைநிலைக்கேற்ப 20 முதல் 90 சதவீதம் வரை கழிவு வழங்கப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டின் சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம் இக்கழிவை ஒரு நிபந்தனையுடன் பிணைத்தது. வடிகட்டி வேண்டும், பாடசாலை மாணவரின் இணையச் செயல்களைக் கண்காணிக்கும் கொள்கையும் வேண்டும். 90 சதவீதக் கழிவில் உயிர்வாழும் பாடசாலைக்கு இந்நிபந்தனையை மறுக்கும் ஆற்றல் இல்லை. இவ்வாறு, சொந்தக் கணினி உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலை நேரம் முடிந்ததும் கண்காணிப்பிலிருந்து விலகி வேறு கணினியில், வேறு கணக்கில் அமரும் வழி உண்டு. பாடசாலை கொடுத்த குரோம்புக் ஒன்றையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு இரவிலும் அதே கண். அந்தரங்கம் இங்கே வர்க்கத்தோடு சேர்ந்தே பங்கிடப்படுகின்றது.

பிலடெல்பியாவை அண்டிய லோவர் மெரியன் பாடசாலை மாவட்டத்தில் 2010 இல் வெளிப்பட்ட நிகழ்ச்சி இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அங்கு நீட்சி பயன்படவில்லையாயினும் தொலைநிருவாகத்தின் உரிமை அதுவே. உயர்நிலை மாணவருக்கு வழங்கிய மடிகணினிகளில், திருட்டுப்போனாற் கண்டுபிடிப்பதற்கென ஒரு வசதி இருந்தது. அதனை இயக்கினாற் கமராவும் திரையும் குறித்த இடைவெளிகளிற் படமாக்கப்பட்டு வழங்கிக்கு அனுப்பப்படும். மாணவர் தம் வீடுகளில் இருந்தவேளை எடுக்கப்பட்டவை உட்பட, 56,000க்கும் மேற்பட்ட படங்கள் இவ்வாறு சேர்ந்திருந்தமை பின்னர் தெரியவந்தது. வழக்கு அவ்வாண்டு அக்டோபரில் 610,000 டொலர் இழப்பீட்டுடன் முடிந்தது. அவ்வசதி அங்கு உள்ளது என்று மாணவருக்கோ பெற்றோருக்கோ சொல்லப்பட்டிருக்கவில்லை. மென்பொருள் மௌனமாயிருந்தது, கமராவின் அருகிலுள்ள சிறு பச்சை விளக்கு மட்டும் இடையிடையே மின்னிற்று.

டென்மார்க்கில் நிகழ்ந்தது வேறுவகை. ஹெல்சிங்கோர் நகரசபையின் பாடசாலை ஒன்றிற் கற்ற பிள்ளைக்கு, பெற்றோர் அறியாமல் யூரியூப் கணக்கொன்று திறக்கப்பட்டிருந்தமை பற்றி 2019 இல் ஒரு தந்தை முறையிட்டார். அம்முறைப்பாடு வளர்ந்து, 2022 யூலையில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அந்நகரப் பாடசாலைகளிற் குரோம்புக்குகளையும் கூகுள் சேவைகளையும் பயன்படுத்துவதற்குத் தடைவிதிப்பதில் முடிந்தது. தடை பின்னர் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 2024 சனவரியில் அவ்வதிகாரசபை 53 நகரசபைகளைப் பற்றித் தீர்ப்புக் கூறிற்று. கற்பித்தலுக்காக மாணவர் தரவைக் கையாளலாம். ஆயின், கூகுள் தன் உற்பத்திகளை மேம்படுத்திக்கொள்வதற்காக அத்தரவைக் கையளிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது அதன் சாரம். எமது நோக்கில் இத்தீர்ப்பின் பெறுமதி அந்தரங்கம் பற்றியதினும் உழைப்பைப் பற்றியதாகும். பிள்ளை கணக்குப் போடுகையில் விளையும் துணைவிளைபொருள் ஒரு நிறுவனத்தின் மூலப்பொருளாகின்றது என்பதை ஓர் அரச அதிகாரசபை எழுத்தில் வைத்தது. ஹெல்சிங்கோர் என்பது ஷேக்ஸ்பியர் 'ஹம்லெற்' நாடகத்தின் களமாகக் கொண்ட எல்சினோரே. அந்நாடகத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து ஒற்றுக்கேட்கும் பொலோனியஸ், தன் எசமானருக்குச் சேவை செய்வதாகவே நம்புகின்றான்.

எம் முற்போக்கு நண்பர் சிலர், இவற்றையெல்லாம் கேட்டதும், கணினியே வேண்டாம், அல்லது ஒவ்வொரு பிள்ளைக்கும் நிருவாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம் என்கின்றனர். இரண்டும் 500 கணினிகளைப் பேணிப் பார்த்திராதவர்களின் பேச்சு. பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொரு மாதமும் எல்லாக் கணினிகளுக்கும் சென்றாகவேண்டும். அதனை மௌனமாகச் செய்வதே நன்று. நடுவிலிருந்து நிறுவும் முறையைக் கைவிடுவதாற் பயனில்லை. எதனை நிறுவுவது என்னும் தீர்மானம் யாரிடம் இருக்கின்றது, தீர்மானித்தபின் யாருக்குச் சொல்லப்படுகின்றது என்பனவே பொருளானவை. கட்டாயப் பட்டியல் நீண்டதன்று. பெரும்பாலும் ஒரு தாளில் அடங்கிவிடும். எந்த நீட்சி, யாருடைய ஆக்கம், எதனை வாசிக்கின்றது, தரவு எங்கே செல்கின்றது, யார் எப்போது சேர்த்தார் என்னும் ஐந்து நிரல்களுடன் அதனை ஆசிரியர் அறையிலும் வகுப்பறைச் சுவரிலும் ஒட்டுவதற்குப் புதிய தொழினுட்பம் எதுவும் தேவையில்லை. புதிய நீட்சி ஒன்றைச் சேர்க்குமுன் ஆசிரியர் சங்கமும் பெற்றோர் சங்கமும் அதனைக் கேட்டுப் பெறலாம். பகிர்ந்தளிப்பு உரிமத்தில் ஒப்பமிடுவது யாவர் பெயரில் என்பதையும் கேட்கலாம்.

அதுவரை, நிருவகிக்கப்படும் குரோம் உலாவியின் முன் அமரும் ஆசிரியரோ மாணவரோ ஒன்றைச் செய்து பார்க்கலாம். முகவரிப் பட்டையிற் குரோம் என்னும் சொல்லையும், முக்காற்புள்ளியையும், இரு சாய்கோடுகளையும், பொலிசி என்னும் சொல்லையும் ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டச்சிட்டால், அவ்வுலாவிக்கு மேலிருந்து வந்த கட்டளைகள் அனைத்தும் நிரலாகத் தோன்றும். கட்டாய நிறுவற் பட்டியலும் அதில் இருக்கும். நீட்சிகளின் பெயர் அங்கே இராது. ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்துகளைக் கொண்ட அடையாளக்குறி ஒன்றே இருக்கும். அதனைக் குறித்துக்கொண்டு குரோமின் நீட்சிக் கடையில் தேடினாற் பெரும்பாலும் பெயரும் ஆக்கியோனும் தெரியவரும். நிருவாகி விரும்பின் அப்பக்கத்தையும் மூடிவிடலாம்.